மலர்களை மறவாத மறைபணியாளர் வில்லியம் கேரி (1761 - 1834)

யூபிலி மலருக்குப் பங்குத் தந்தையும் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டனர். ஆலய வரலாற்றையும் பங்கின் வளர்ச்சியையும் என்னைவிட நன்கறிந்தவர்கள் எழுதுகின்றனர். ஆகவே மலருக்கு மலரைப் பற்றியே எழுதிவிடலாம் எனத் துணிந்தேன்.

இப்படித் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது என் குற்றம். இங்குப் பொறுப்பேற்ற புதிதில், பங்கு இல்லத்தின் பின்புறத்தைச் சுத்தப்படுத்துகிறேன் என்று சொல்லி, அங்கிருந்த பழைய நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் அடியோடு வெட்டச் செய்தேன். இடம் துப்புரவாயிற்று. ஆனால் நாள்தோறும் காலை மந்திர வேளையில் சன்னலோரம் வந்து கொஞ்சிய தேன்சிட்டுகள் அதன்பின் வரவில்லை. பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பூசைக்குப் பூ வைக்கிற சாமியே பூச்செடியை வெட்டலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். மறுவாரம் தம் வீட்டிலிருந்து நான்கு செம்பருத்திக் குச்சிகளைக் கொண்டுவந்து தாமே நட்டுவிட்டும் போனார். அந்த நாள் முதல் என் நினைவுக்கு வந்துகொண்டிருப்பவர் வில்லியம் கேரி.

கேரி கத்தோலிக்கர் அல்லர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். நம் யூபிலி மலரில் அவருக்கென்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி 1964-ல் வெளியிட்ட ஏட்டில், பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுமாறு நம்மைப் பணித்துள்ளது. அப்பணிப்பை ஏற்று, அவரது வாழ்வின் ஒரு பக்கத்தை மட்டும், அதாவது அவர் வளர்த்த தோட்டத்தின் கதையை மட்டும், இங்கே கூறுகிறேன்.

நெசவாளரின் மகன்

இங்கிலாந்து நாட்டில் நார்தாம்டன் மாவட்டத்தில் பாலர்ஸ்பரி என்பது ஒரு சிற்றூர். அங்கே 1761-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் வில்லியம் பிறந்தார். தந்தை எட்மண்ட் நெசவுத் தொழில் செய்தவர். பின்னர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானார். கனடா நாட்டிலிருந்து திரும்பி வந்த பீட்டர் என்ற உறவினர் தோட்டக்காரர். செடி கொடிகளின் மீது சிறுவனுக்குப் பற்று உண்டாக்கியவர் அவரே.

சிறுவனின் அறை ஒரு சிறிய விலங்குச் சாலை போலவே இருந்ததாம். பூச்சிகள், பறவைகள், செடிகள் என எதைக் கண்டாலும் கொண்டுவந்து வளர்ப்பான். அவை எவ்வாறு வளர்கின்றன, எவ்வாறு உருமாறுகின்றன என்று உற்று நோக்குவான். வேலியோரத்தில் நடந்தால் வெறுமனே நடப்பதில்லை. அந்த வேலியில் என்ன முளைத்திருக்கிறது, அதில் எது கூடு கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பான். இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டு அகலவில்லை.

வயல் வேலைக்குப் போகவே அவர் விரும்பினார். ஆனால் வெயில் பட்டால் தோல் புண்ணாகும் நோய் அவருக்கு இருந்தது. எனவே நிழலில் அமர்ந்து செய்யும் தொழிலாகச் செருப்புத் தைக்கும் வேலையில் சேர்க்கப்பட்டார். வெயில் ஆகாது என்று வயலைவிட்டு விலக்கப்பட்ட அதே மனிதர், பிற்காலத்தில் வங்காளத்து வெயிலில் நாற்பது ஆண்டுகள் தோட்டம் போட்டார் என்பது இறைவனின் திருவிளையாடலே எனலாம்.

1781-ல் டாரதி என்ற பெண்ணை மணந்தார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். வறுமை மிகுந்த குடும்பம். முதற் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலால் இறந்தது. இத்தனைக்கும் நடுவே, செருப்புத் தைக்கும் பலகையின் அருகே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கேரி கற்றுக்கொண்டார். ஊரூராகப் போய்ப் போதிக்கவும் தொடங்கினார். 1792-ல் கெட்டரிங் என்ற ஊரில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பாப்டிஸ்ட் மறைபரப்புச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு ஜூன் மாதம் கப்பலேறி, நவம்பர் மாதம் வங்காளம் வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் வந்த துயரம்

இந்தியாவுக்கு வர டாரதிக்கு விருப்பமில்லை. தம் தங்கையும் உடன் வருவதாகச் சொன்ன பிறகே, நான்கு மகன்களுடன் கப்பலேறச் சம்மதித்தார். வந்த இடத்தில் கையில் பணமில்லை. குடியிருக்க நல்ல வீடில்லை. சுந்தரவனக் காட்டோரத்தில் சில காலம் தங்கினர். 1794-ல் மால்டா பகுதியிலுள்ள முட்னாபட்டி என்ற ஊரில் அவுரிச் சாயம் காய்ச்சும் தொழிற்சாலையை மேற்பார்வையிடும் வேலை கேரிக்குக் கிடைத்தது.

அவ்வாண்டிலேயே ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். அதற்குப்பின் டாரதியின் மனம் தடுமாறத் தொடங்கியது. 1807-ல் இறக்கும் வரையிலும் அவர் தெளியவேயில்லை. பல ஆண்டுகள் வீட்டின் ஓர் அறையிலேயே அவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் கேரி திருமறை நூல்களை வங்க மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

பெரியோரின் வாழ்வை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விரைந்து தாண்டிவிடுவதுண்டு. நாம் அப்படிச் செய்யலாகாது. எந்த மண்ணிலும் வேரூன்றும் வலிமை கேரிக்கு இருந்தது, டாரதிக்கு இல்லை. பெயர்த்து நட்ட இடத்தில் எல்லாச் செடிகளும் தழைத்துவிடுவதில்லை. தோட்டக்காரரான கேரிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தம் வீட்டிலேயே அதைக் காண நேர்ந்தது அவர் சுமந்த சிலுவை. அவர் மனைவி சுமந்தது அதனினும் பெரிய சிலுவை.

இந்த நாட்களில்தான் அவர் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதி, ஆண்டுதோறும் காய்கறி விதையும் பூ விதையும் பழ மர விதையும் அனுப்பும்படி வேண்டினார். அரிவாளும் கலப்பைக் கொழுவும் கேட்டார்.

சீராம்பூர்த் தோட்டம்

1800-ஆம் ஆண்டு சனவரி மாதம் கேரி சீராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் அந்நாளில் டென்மார்க் நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. மார்ஷ்மன், வார்டு என்ற இரு தோழர்களுடன் அங்கே ஒரே குடும்பம் போல் வாழ்ந்தார். ஈட்டிய பணமெல்லாம் பொதுப் பெட்டியில் சேர்ந்தது. 1801 முதல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகவும் கேரி பணியாற்றினார்.

சீராம்பூரில் அவர் உண்டாக்கிய தோட்டம் சுமார் ஐந்து ஏக்கர் பரப்புடையது. பொழுது புலர்ந்ததும் அவர் செல்லுமிடம் அதுவே. அங்கிருந்த நிழற்பந்தலில் அமர்ந்து செபிப்பார்; பின்னர்ச் செடிகளைச் சுற்றிப் பார்ப்பார்; அதன்பிறகே மொழிபெயர்ப்பு வேலை தொடங்கும். செடிகளை இனம் இனமாகப் பிரித்து நட்டிருந்தார். தோட்டத்தில் வேலை செய்த வங்காளத் தோட்டக்காரர்களுக்கு அவற்றின் இலத்தீன் பெயர்களே பழகிப் போயிருந்தன. பறவைகளும் அங்கே வளர்ந்தன.

அவர் அரிய செடிகளை மட்டும் தேடியவரல்லர். வேலியோரத்தில் முளைப்பது, வயல் வரப்பில் கிடப்பது, யாரும் திரும்பிப் பாராத களை என எல்லாமே அவருக்கு வேண்டும். அம்போய்னா தீவில் பணி செய்யச் சென்ற மகன் ஜேபசுக்கு எழுதும்போதும், சாதாரணச் செடியென்று எதையும் ஒதுக்காமல் அனுப்பும்படியே கேட்டுக்கொண்டார்.

கல்கத்தா அரசினர் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ அவருக்கு உற்ற நண்பர். ராக்ஸ்பரோ முன்பு சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். தரங்கம்பாடிக்கு 1768-ல் வந்த கோனிக் என்ற மருத்துவரோடு பழகிச் செடியாராய்ச்சியில் தேர்ந்தவர். ஆக, சீராம்பூர்த் தோட்டத்தின் கல்வியில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. ராக்ஸ்பரோ நாடு திரும்பிய பின், அவர் வளர்த்த சுமார் 3,500 செடிகளின் பட்டியலை 1814-ல் கேரி தம் அச்சகத்தில் அச்சிட்டார். 1815-ல் நண்பர் இறந்தார். இந்தியச் செடிகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த பெருநூல் கைப்பிரதியாகவே கிடந்தது. 1820 முதல் அதனை வெளியிடத் தொடங்கி, 1832-ல் மூன்று தொகுதிகளாக முழுமையாக வெளிவரச் செய்தார் கேரி. ராக்ஸ்பரோவும் தம் நண்பரின் பெயரை ஒரு மரத்துக்கு இட்டிருந்தார். கேரியா என்று செடி நூலார் அழைக்கும் அம்மரம் தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் வளர்கிறது. ஆயிமா என்பது அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. பூவின் நடுவே மெல்லிய இழைகள் கொத்தாக நிற்கும். காட்டுத் தீயையும் தாங்கும் தடித்த பட்டை கொண்டது அம்மரம். கேரியின் பெயர் அதற்குப் பொருந்துவதே!

1820 செப்டம்பர் 14-ஆம் நாள் கல்கத்தாவில் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தோன்ற அவரே முதற் காரணராய் இருந்தார்.

ஒரு சிறு டெய்சிப் பூ

கேரியின் தோட்டக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒருமுறை இங்கிலாந்திலிருந்து நண்பர் ஒருவர் பூ விதைகள் அனுப்பியிருந்தார். விதைகளை எடுத்து விதைத்தபின், பையில் ஒட்டியிருந்த மண்ணை வீணாக்க மனமின்றி, நிழலான ஓர் இடத்தில் உதறிவிட்டார் கேரி. சில நாட்களில் அங்கே ஏதோ முளைத்தது. பார்த்தால், இங்கிலாந்தின் புல்வெளிகளிலெல்லாம் கேட்பாரற்றுப் பூக்கும் டெய்சிச் செடி! நம் பக்கத்து வெட்டுக்காயப் பூண்டின் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதுபோல நடுவில் மஞ்சளும் சுற்றிலும் வெள்ளை இதழும் உடைய எளிய பூ அது.

நாட்டைவிட்டு வந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இனி அந்தப் பூவைக் காண்போம் என்று அவர் எண்ணியதேயில்லை. பெரிய பெரிய நூல்களை அச்சேற்றியவர் அந்தச் சிறு பூவைக் கண்டு குழந்தைபோல் மகிழ்ந்து போனார். ஊர் நினைவு என்பது அப்படித்தான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள், அங்கே யாரோ ஒருத்தியின் தலையில் நம்மூர்க் குண்டுமல்லியின் மணத்தை உணர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

வங்காளத்துக் கோடையை டெய்சி தாங்காது. அது காய்ந்து போகும். கேரி என்ன செய்தார்? விதையைச் சேர்த்து வைத்து, மீண்டும் விதைத்தார். ஆண்டுதோறும் இப்படியே அதைக் காப்பாற்றி வந்தார். காய்வதைத் தடுக்க அவரால் முடியவில்லை; காயுமுன் விதை எடுக்க முடிந்தது. பாரம்பரியப் பூக்களைக் காக்க விரும்புகிற எவருக்கும் இதுவே முதற்பாடம்.

வெள்ளம் வந்த ஆண்டு

1812 மார்ச் 11-ஆம் நாள் இரவு சீராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. எழுத்துகளும் தாளும் பல ஆண்டு உழைப்பான கைப்பிரதிகளும் சாம்பலாயின. கேரி மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

1823 அக்டோபரில் அடுத்த சோதனை வந்தது. கல்கத்தாவிலிருந்து இரவில் திரும்பிய கேரி படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலில் பலத்த அடிபட்டார். தொடர்ந்து கடும் காய்ச்சல். பிழைப்பாரா என்று ஐயுறும் நிலை. அதே நாட்களில் தாமோதர் ஆறு கரை உடைத்துப் பெருக்கெடுத்தது. தோட்டம் முழுவதும் நீரில் மூழ்கியது. ஆற்றங்கரை இடிந்ததால், குடியிருந்த வீட்டையும் விட்டு அகல வேண்டியதாயிற்று. நீர் வடிந்த பிறகு பார்த்தால், பல நாடுகளிலிருந்து சேர்த்த செடிகள் அழிந்து, எங்கும் மணல் மூடிக் கிடந்தது.

நீரில் மூழ்குவது என்றால் என்னவென்று இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையோரத்து ஊர்கள் நீருக்குள் போயின. அணையில் நீர் வற்றும் ஆண்டுகளில், நாகமரைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டுவதை நம்மில் பலர் பரிசலில் போகையில் பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளின் முற்றங்களிலும் பூச்செடிகள் இருந்திருக்கும். மேட்டுக்கு வந்தவர்கள் சட்டி பானைகளோடு ஏதேனும் ஒரு செடியின் குச்சியையும் கொண்டு வந்திருப்பார்கள்.

கேரிக்கு அப்போது வயது 62. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. ஆயினும் எழுந்து நடமாடத் தொடங்கியதும், நண்பர்களுக்கெல்லாம் எழுதி விதையும் கன்றும் கேட்டார். மணலை அகற்றி, மறுபடியும் நட்டார். தோட்டம் திரும்பவும் பூத்தது.

இறுதி நாட்கள்

உடல் தளர்ந்த பின், நாற்காலியில் அமர்த்தி அவரைத் தோட்டத்துக்குத் தூக்கிச் செல்வார்கள். அதுவும் இயலாதபோது, தலைமைத் தோட்டக்காரர் படுக்கையருகே வந்து, எந்தச் செடி எப்படியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் கேரி மனம் சோர்ந்திருந்தாராம். காரணம் கேட்டபோது, தாம் போனபின் மார்ஷ்மன் பசுக்களைத் தோட்டத்தில் மேயவிட்டு விடுவாரோ என்று வருந்தினாராம்! தோட்டத்தைப் பேணுவது தம் கடமை என்று மார்ஷ்மன் உறுதி கூறிய பிறகே அமைதியடைந்தார். 1834 ஜூன் 9-ஆம் நாள் காலையில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. டெய்சியும் இல்லை. ஆனால் அவர் அச்சிட்ட செடி நூல்கள் இருக்கின்றன. அவர் பெயர் தாங்கிய மரம் காடுகளில் பூக்கிறது.

நமக்கு ஒரு சொல்

கேரியைப் போற்றும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அவர் காலத்தில் வெளிநாட்டுச் செடி எதுவாயினும் வரவேற்கப்பட்டது. அழகுக்காக 1809-ஆம் ஆண்டளவில் கல்கத்தா அரசினர் தோட்டத்துக்கு வந்த ஒரு பூச்செடி இன்று நம் மலைக்காடுகளையெல்லாம் வளைத்துக்கொண்டு, மாடும் மானும் மேயும் புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. அதுதான் உண்ணிச்செடி. அயல்நாட்டுச் செடிகள் எல்லாமே தீங்கானவை அல்ல. நாம் மாலை கட்டும் சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்து நம்மோடு உறவாகிவிட்டது. எது உறவாகும், எது ஊரைப் பிடிக்கும் என்று பார்த்து நடுவதே அறிவுடைமை. அதுபோல, பறவைகளைக் கூண்டில் வளர்த்தது அக்கால வழக்கம். இன்றோ நம் நாட்டுக் கிளியைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டு தேவையில்லை, செடி வைத்தால் பறவை தானே வரும்.

நம் வட்டாரத்தில் குண்டுமல்லியும் சாமந்தியும் காடு காடாகப் பயிராகின்றன. ஆனால் அவை சந்தைக்குப் போகிற பூக்கள். வீட்டு முற்றத்தில், விற்பதற்கென்று இல்லாமல் பூத்தவை வேறு: கனகாம்பரம், டிசம்பர் பூ, அந்திமந்தாரை, பவழமல்லி, நந்தியாவட்டை, சங்குப்பூ, செம்பருத்தி. பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியூர் போக, வீடுகள் பூட்டிக் கிடக்க, முற்றங்கள் சிமெண்டாக, இவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. இவற்றோடு தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் மறைகின்றன.

ஆகவே, இந்த யூபிலி ஆண்டின் நினைவாக ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியங்கள் செய்யுமாறு வேண்டுகிறேன். வீட்டின் ஓர் ஓரத்தை, நான்கு அடி அகலமேனும், கொத்தாமல், மருந்து தெளிக்காமல் விட்டுவிடுங்கள். அங்கே எருக்கு முளைத்தால் பிடுங்காதீர்கள். அதன் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி உண்டு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நான்கு இலையைப் புழு தின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நாளை சிறகு முளைத்துப் பறக்கும். இரண்டாவதாக, பாட்டி காலத்துப் பூச்செடி ஒன்றைத் தேடிப்பிடித்து நடுங்கள். விதையும் குச்சியும் எடுத்து அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள். மூன்றாவதாக, கோடையில் அகலச் சட்டியில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றுங்கள்.

மழை பொய்க்கலாம், செடி காயலாம். கேரிக்குத் தீயும் வந்தது, வெள்ளமும் வந்தது. அவர் ஒவ்வொரு முறையும் விதையைத் தேடி எடுத்தார்.

அந்த மூதாட்டி நட்ட நான்கு குச்சிகளில் இரண்டு பிழைத்தன. அவற்றில் ஒன்று சன்னல் உயரத்துக்கு வளர்ந்து பூத்துக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம், காலை மந்திர வேளையில், ஒரு தேன்சிட்டு வந்தது.

உங்கள் அனைவருக்கும் என் யூபிலி வாழ்த்துகளும் ஆசியும்!

பங்குத் தந்தை,
ஏரியூர்